கேள்வி–பதில்: ‘ஆரண்ய காண்டம்’ பார்ப்பது எப்படி?

கொண்டாடப்பட வேண்டிய அளவுக்குக் கொண்டாடப்படாத தாதா படம் என்று ‘ஆரண்ய காண்டம்’ (2011) பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டுப் படம் பார்த்தவர்களும் பார்க்கப் போகிறவர்களும் கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், சேலம் பக்கத்திலிருந்து அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். படத்தின் முடிவை எந்தப் பதிலிலும் சொல்லவில்லை. பார்க்காதவர்களும் தயங்காமல் படிக்கலாம்.

நீங்க எழுதுனீங்கன்னு உக்காந்து பார்த்தனுங்க. ஆளாளுக்குப் பேசிட்டே இருக்கறாங்க. சண்டையைக் காணோம், பாட்டைக் காணோம். தாதா படம்னு இதை எப்படிங்க சொல்றீங்க?
— வாசகர், பெருந்துறை

இந்தப் படத்தில் பேச்சுதான் சண்டை. கத்தி பின்னால் வருகிறது.

காலையில் நடக்கும் அந்தக் காட்சியை மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள். சிங்கப்பெருமாள் (ஜாக்கி ஷெராஃப்) வயதேறிவிட்ட தாதா. எதிர்க் கோஷ்டிக்கு வந்திருக்கும் கொக்கெய்ன் சரக்கு ஒன்றைப் பற்றி அவருடைய வலக்கையான பசுபதி (சம்பத்) வந்து சொல்கிறான். கைப்பற்றினால் கோடிக்கணக்கில் பணம். பெரியவர் யோசிக்கிறார். அவர் தயங்குவது பொறுக்காமல் பசுபதி அவர் வயதைச் சுட்டி ஒரே ஒரு வார்த்தை விட்டுவிடுகிறான். மொத்தப் படமும் அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் கிளம்புகிறது. வேறொரு படமாக இருந்தால் அங்கே மேசை உடைந்திருக்கும், பின்னணி இசை அலறியிருக்கும். இங்கே யாரும் குரலைக்கூட உயர்த்துவதில்லை. இரண்டாம் முறை பார்க்கும்போது பசுபதியை விட்டுவிட்டு அறையில் இருக்கும் மற்றவர்களின் முகத்தைப் பாருங்கள். தன் உயிருக்கு விலை வைத்தாகிவிட்டது என்பது பசுபதிக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

அதன் பிறகு அவன் கூட்டாளிகளோடு வண்டியில் போகிறான். உள்ளே வெட்டி அரட்டை. நடுவில் ஒரு போன். போனில் பேசுகிறவன் என்ன சொல்கிறான் என்பதைவிட, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் அதை எப்படிக் காதில் வாங்குகிறான் என்பதுதான் அந்தக் காட்சி. அரட்டையை வீண் என்று ஓட்டிவிட்டால் போன் வந்த பிறகு விழும் கனம் தெரியாமல் போய்விடும். பத்து விநாடி முன்னே தள்ளும் பொத்தானை இந்தப் படத்துக்கு மட்டும் தொடாதீர்கள்.

கதை ஒரே நாளில், வடசென்னையில் நடக்கிறது. முதல் முறை பார்ப்பவர்கள் ஆறு பேரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்: சிங்கப்பெருமாள், பசுபதி, பெரியவர் வைத்திருக்கும் சுப்பு (யாஸ்மின் பொன்னப்பா), எல்லோரும் மட்டம் தட்டும் சப்பை (ரவிகிருஷ்ணா), வாழ்ந்து கெட்டுச் சேவலோடு நகரத்துக்கு வரும் காளையன் (சோமசுந்தரம்), அவன் மகன் கொடுக்காப்புளி (வசந்த்). எதிர்க் கோஷ்டிக்குக் கஜேந்திரன், கஜபதி என்று இருவர். யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்று ஒவ்வொரு காட்சியிலும் கேட்டுக்கொண்டே போங்கள். படம் தானாகவே பிடிபடும்.

வடசென்னைப் பேச்சு எங்க காதுக்குப் பாதி எட்டலை. சப்டைட்டில் போட்டுப் பார்த்தா குத்தமா?
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

குற்றமே இல்லை. முதல் முறை போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஆங்கில சப்டைட்டில் வசவையும் நக்கலையும் மழுங்கடித்துவிடும் என்பதால் அதைக் கைத்தடியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தின் இடத்தை மாற்ற வசதி இருந்தால் படத்துக்குக் கீழே உள்ள கறுப்புப் பட்டைக்குள் இறக்கிவிடுங்கள், முகத்தை மறைக்காது. இரண்டாம் முறை எழுத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

வீட்டை ஒட்டியே தறிக்கூடம். சத்தம் கூட்டினா பின்னணி இசை காதைப் பொளக்குது, குறைச்சா பேச்சு கேக்கலை. என்ன பண்றதுங்க?
— வாசகர், பல்லடம்

உங்களுக்கு இரண்டு தனித்தனிப் பிரச்சினை இருக்கிறது.

முதலாவது டி.வி.யில் இருக்கிறது. படத்தின் ஒலி ஆறு தடங்களாக வரும்போது பேச்சு பெரும்பாலும் நடுத் தடத்தில் இருக்கும். உங்கள் டி.வி.யிலோ சவுண்ட்பாரிலோ இடம், வலம் என்று இரண்டு ஸ்பீக்கர் மட்டும் இருந்தால், நடுத் தடத்தை அந்த இரண்டிலும் கலந்து கொடுக்க வேண்டும். அந்தக் கலவை சரியாக நடக்காத இடத்தில்தான் இசை ஓங்கி, பேச்சு அமுங்கிப் போகிறது. டி.வி.யின் ஒலி அமைப்புக்குள் போய் ‘டிஜிட்டல் அவுட்புட்’ என்ற இடத்தில் ‘ஆட்டோ’ அல்லது ‘பாஸ்த்ரூ’ இருந்தால் ‘பிசிஎம்’ என்று மாற்றுங்கள். செயலியிலேயே ‘ஸ்டீரியோ’ தடம் தனியாகக் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ‘சரவுண்ட்’, ‘3டி சவுண்ட்’ மாதிரியான செயற்கை விளைவுகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் இத்தோடு பாதிக் குறை தீர்ந்துவிடும்.

இரண்டாவது தறி. ஓடும் விசைத்தறிக் கூடத்துக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். சுவரைத் தாண்டி வரும்போது குறைந்தாலும், அடியில் ஓடும் அதிர்வு தங்கிவிடும். ஒரு பேச்சு முழுதாகப் புரிய வேண்டுமானால் சுற்றுப்புறச் சத்தத்தைவிட அது 15 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும். இந்தப் படத்திலோ முக்கியமான வசனங்கள் பல அடிக்குரலில் வருகின்றன. ஒலியைக் கூட்டி அதை ஈடுகட்ட முடியாது. தறி நிற்கும் நாளில் பார்ப்பதுதான் நல்ல வழி. அது முடியாதென்றால் காதை முழுதாக மூடும் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், ஒயர் உள்ளதாக இருக்கட்டும். ப்ளூடூத்தில் ஒலி 0.1 முதல் 0.2 விநாடி பிந்தி வரும். உதடு ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் போனால் நடிப்பைக் கவனிக்கவே முடியாது. ப்ளூடூத்தான் இருக்கிறது என்றால் டி.வி.யின் ‘ஏவி சிங்க்’ அமைப்பில் சரிசெய்துவிட்டுத் தொடங்குங்கள்.

‘நைட் மோட்’ என்று ஒன்று இருக்கும். அது மெல்லிய ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியை அமுக்கும். தறிச் சத்தத்துக்கு நடுவில் உங்களுக்கு அது உதவும், பயன்படுத்துங்கள். அமைதியான வீட்டில் இருப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம். பாடல் ஒன்றுகூட வைக்காமல், இசையை எங்கே நிறுத்த வேண்டும் என்று யுவன் சங்கர் ராஜா அளந்து அளந்து செய்திருக்கும் வேலையை அது தட்டையாக்கிவிடும். சில இடங்களில் தூரத்தில் எங்கோ பழைய சினிமாப் பாட்டு ஒலிக்கும். அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதுகூடக் கவனித்து வைக்கப்பட்டது.

55 இஞ்ச் டி.வி. புதுசா வாங்கியிருக்கேன். படம் சீரியல் மாதிரி வழவழன்னு தெரியுது, இருட்டுக் காட்சி எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கு. டி.வி. கோளாறா?
— வாசகர், காங்கயம்

கோளாறு இல்லை. கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்திருந்த அமைப்பு அப்படியே உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

சினிமா விநாடிக்கு 24 பிரேம். டி.வி. அவற்றுக்கு இடையே இல்லாத பிரேம்களைத் தானே உண்டாக்கிச் சொருகுவதால்தான் அந்த வழவழப்பு. ‘மோஷன்’ என்று தொடங்கும் எந்த அமைப்பாக இருந்தாலும் அணையுங்கள். பட அமைப்பை ‘விவிட்’, ‘ஸ்டாண்டர்ட்’ இரண்டிலிருந்தும் எடுத்து ‘சினிமா’ அல்லது ‘பிலிம்மேக்கர்’ என்பதில் வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் மஞ்சள் தட்டுகிற மாதிரி இருக்கும், கண் பழகிவிடும். ‘டைனமிக் கான்ட்ராஸ்ட்’, ‘எக்கோ’ இரண்டும் காட்சிக்குத் தகுந்தபடி வெளிச்சத்தை ஏற்றி இறக்கும், அவற்றையும் நிறுத்துங்கள். ‘ஷார்ப்னஸ்’ பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் போதும்.

சாம்பல் பூப்பதற்கு இன்னொரு காரணம் உங்கள் ட்யூப்லைட்டாக இருக்கலாம். அணைத்துவிட்டு, டி.வி.க்குப் பின்னால் மட்டும் மங்கலாக ஒரு விளக்கு வையுங்கள். பி.எஸ்.வினோத்தின் ஒளிப்பதிவில் வெளியே வடசென்னை வெயில் சுள்ளென்று அடிக்கும், உள்ளே அறைகள் இருண்டு கிடக்கும். அந்த இரண்டுக்கும் உள்ள தூரம் தெரிந்தால்தான் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும் சுப்புவின் நிலை புரியும்.

உட்காரும் தூரம்: 55 இஞ்ச் திரை சுமார் 122 செ.மீ. அகலம், 68 செ.மீ. உயரம். அகலத்திரைப் படம் போடும்போது உண்மையான படத்தின் உயரம் 52 செ.மீ.தான், மேலும் கீழும் எட்டு எட்டு செ.மீ. கறுப்புப் பட்டை. ஏழடி தூரத்தில் உட்காருங்கள். பன்னிரண்டு அடிக்குப் போனால் பின்வரிசை முகங்கள் தெரியாது. பட்டையைப் போக்குவதற்காக ‘ஜூம்’ செய்யவே கூடாது. இரு பக்கமும் சேர்த்துக் கால்வாசிப் படம் போய்விடும், கூட்டமாக நிற்கும் ஆட்களில் ஓரத்தில் நிற்பவன் செய்யும் வேலையும் அதோடு போய்விடும்.

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் முப்பது நாற்பது பேருக்குத் திரையிட ஆசைப்படுகிறோம். சிறிய மண்டபம் இருக்கிறது, ப்ரொஜெக்டர் வாடகைக்கு எடுக்கலாம். வழி சொல்லுங்கள்.
— வாசகர், உடுமலைப்பேட்டை

முதல் வேலை அனுமதி. ஓடிடி சந்தா வீட்டுக்குள் பார்ப்பதற்கு மட்டுமே. மண்டபத்தில் போடுவதற்குப் படத்தின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வேண்டும், இலவசக் காட்சியானாலும் இதுதான் விதி. மண்டபத்துக்கான அனுமதி பற்றி வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ‘ஏ’ சான்றிதழ் படம், 18 வயது நிரம்பாதவர் யாரையும் உள்ளே விடக் கூடாது. அழைப்பிதழிலேயே இதைப் போட்டுவிட்டால் குழந்தைகளோடு வந்து வாசலில் நிற்க நேராது.

இனித் திரை. 12 அடி அகலம், 6¾ அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் 81 சதுர அடி. திரையரங்கு அளவு வெளிச்சத்துக்கு ஒரு சதுர அடிக்கு 16 லூமென் என்பது கணக்கு, கிட்டத்தட்ட 1,300 லூமென் திரையில் விழ வேண்டும். சினிமா அமைப்பில் வைத்தால் ப்ரொஜெக்டரின் வெளிச்சம் பாதிக்குப் பக்கமாக இறங்கிவிடும். ஆகவே 2,500 முதல் 3,000 ‘ஆன்சி’ லூமென் உள்ளதாகக் கேளுங்கள். ‘ஆன்சி’ என்ற சொல் முக்கியம், அது வெளிச்சத்தை அளக்கும் பொதுத் தரமுறை. சின்னப் பெட்டியில் 9,000 லூமென் என்று போட்டிருப்பதெல்லாம் விளம்பரக் கணக்கு, அதில் இருட்டுக் காட்சி ஒன்றும் தெரியாது. த்ரோ விகிதம் (திரை அகலத்தைப் போல் எத்தனை மடங்கு தூரம் வேண்டும் என்பது) 1.5 என்றால் திரையிலிருந்து 18 அடி தள்ளி வைக்க வேண்டும். மேசையைச் சாய்த்து வைத்துவிட்டு ‘கீஸ்டோன்’ பொத்தானால் சதுரமாக்குகிறார்கள், அதில் படத்தின் கூர்மை போய்விடும். ப்ரொஜெக்டரையே திரைக்கு நேராக, மட்டமாக நிறுத்துங்கள். படத்தின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நாலடி மேலே இருந்தால் முன்வரிசைத் தலைகள் மறைக்காது. முதல் வரிசை 12 அடிக்கு உள்ளே வேண்டாம், கடைசி வரிசை 30 அடிக்கு வெளியே வேண்டாம்.

மண்டபத்தின் உண்மையான எதிரி எதிரொலி. நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் சத்தம் சுவருக்குச் சுவர் ஓடிக்கொண்டிருந்தால் வசனம் ஒன்றும் தேறாது. டைல்ஸ் தரையும் எண்ணெய் வண்ணம் அடித்த சுவரும் உள்ள இடங்களில் இதுதான் நடக்கும். தரை முழுக்கப் பவானி ஜமக்காளம் விரியுங்கள். பின்சுவரில் நாலைந்து ஜமக்காளத்தை, சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டியிருந்தால் கீச்சொலியை மட்டும்தான் உறிஞ்சும், இடைவெளி விட்டால் அதைவிடத் தாழ்ந்த ஒலியையும் கொஞ்சம் பிடிக்கும். ஜன்னல்களுக்கு அடர்நிறத் துணி போதும். ஸ்பீக்கரை மேடையின் இரு கோடியிலும் வைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, திரையின் இரு பக்கமும் ஒட்டி, உட்கார்ந்தவர் காது உயரத்தைவிடச் சற்று மேலே வையுங்கள். ஒலியின் அளவை ஆட்கள் உட்கார்ந்த பிறகு முடிவு செய்யுங்கள். காலி மண்டபத்தில் வைத்த அளவு கூட்டம் வந்ததும் குறைந்து தெரியும். ஒருமுறை வைத்த பிறகு ரிமோட்டை யாரும் தொட வேண்டாம்.

இடைவேளையில் கதையை விளக்குகிறேன் என்று மைக் பிடிப்பவரை அன்போடு உட்கார வையுங்கள்.

52 வெட்டு என்று கேள்விப்பட்டோம். நாம் பார்ப்பது முழுப் படம்தானா?
— வாசகர், ஈரோடு

தணிக்கையில் 52 இடங்களில் வெட்டக் கேட்டார்கள் என்பது உண்மை. தயாரிப்பாளர் எஸ்.பி.பி.சரண் அதை ஏற்காமல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய், படத்தின் உருவம் சிதையாமல் ‘ஏ’ சான்றிதழ் வாங்கினார். இன்று அப்படிப் போராட அந்தத் தீர்ப்பாயமே இல்லை. 2021-இல் அதைக் கலைத்துவிட்டார்கள், இப்போது உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

நீங்கள் பார்க்கும் பிரதியைச் சோதிக்க எளிய வழி: ‘ஏ’ படத்தை அப்படியே டி.வி.யில் ஒளிபரப்ப முடியாது, மறுபடி வெட்டிச் சான்றிதழ் மாற்ற வேண்டும். ஆகவே டி.வி.க்காக வெட்டிய பிரதி எதுவாக இருந்தாலும், வசனத்தில் ‘பீப்’ ஒலியோ திடீர் மௌனமோ இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். படத் தொடக்கத்தில் வரும் சான்றிதழ் அட்டையில் ‘ஏ’ இருக்கிறதா என்று பாருங்கள். திருட்டுப் பிரதி வேண்டவே வேண்டாம். உரிமைப் பிரச்சினை ஒருபுறம் இருக்க, அதில் இருட்டெல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறி நிற்கும்.

இவ்வளவு நல்ல படம் ஏன் ஓடவில்லை?
— வாசகி, தாராபுரம்

2010-இல் நியூயார்க் தெற்காசியத் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசு வாங்கியும் தியேட்டருக்கு வர 2011 ஜூன் 10 ஆகிவிட்டது. இயக்குநர் தியாகராஜன் குமாரராஜாவுக்கு முதல் படம். ஜாக்கி ஷெராஃபுக்கு முதல் தமிழ்ப் படம். பாட்டு இல்லாததால் முன்கூட்டியே ரேடியோவில், டி.வி.யில் போட்டு ஆள் சேர்க்க வழியில்லை. ‘ஏ’ என்பதால் குடும்பமாக வருகிறவர்கள் இல்லை. 59-ஆவது தேசிய விருதில் சிறந்த அறிமுக இயக்குநருக்கான விருதும் சிறந்த படத்தொகுப்புக்கான விருதும் (கே.எல்.பிரவீன், என்.பி.ஸ்ரீகாந்த்) கிடைத்தபோது படம் தியேட்டரை விட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. குமாரராஜாவின் அடுத்த படம் வர 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நாங்கள் இன்னொரு காரணத்தையும் சேர்த்துக்கொள்வோம். அதன்பின் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் கைப்பேசியிலும் மங்கிய பிரதியிலும் துண்டு துண்டாகத்தான் பார்த்தார்கள். காதால் பார்க்க வேண்டிய படத்துக்கு அது பெரிய அநியாயம். மேலே இவ்வளவு அளவுகள் எழுதியது அதற்காகத்தான்.

பூலாம்வலசு சேவற்கட்டைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறவன் நான். சினிமாச் சேவற்சண்டை எனக்குத் திருப்தியாக இருப்பதில்லை. ஏன் நேரடியாகக் காட்ட மாட்டேன் என்கிறார்கள்?
— வாசகர், அரவக்குறிச்சி

காட்ட முடியாது. படப்பிடிப்பில் விலங்கு, பறவைகளைப் பயன்படுத்த 2001-ஆம் ஆண்டு விதிகளின்படி முன்பதிவு வேண்டும், விலங்கு நல வாரியத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் தணிக்கைக்குப் போக முடியாது. அதனால் சேவலைத் தனித்தனியாக எடுத்து, சிறகு, கால், புழுதி, பிடித்திருக்கும் கை, சுற்றி நிற்பவர் முகம் என்று துண்டுகளாகச் சேர்த்து, ஒலியால் ஒட்டுகிறார்கள். கம்ப்யூட்டர் வரைகலையும் உதவிக்கு வரும். களத்தில் வளர்ந்த உங்கள் கண்ணுக்கு வீச்சும் எகிறும் உயரமும் பொருந்தாமல் தெரிவது இயல்புதான்.

2011-இல் சேவலோடு இரண்டு தமிழ்ப் படங்கள் வந்தன. ஜனவரியில் வந்த ‘ஆடுகளம்’ படத்தில் சேவற்கட்டுதான் உலகம். ‘ஆரண்ய காண்ட’த்தில் சேவல் ஒரு மனிதனின் கடைசிக் கையிருப்பு. ஆகவே நீங்கள் சேவலைப் பார்க்காமல் காளையனைப் பாருங்கள். கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பயின்ற சோமசுந்தரத்தின் முதல் படம் இது. வாழ்ந்து கெட்டவனின் மிடுக்கையும் குடிகாரனின் தள்ளாட்டத்தையும் ஒரே உடம்பில் வைத்திருப்பார். பக்கத்திலேயே மகன். அப்பனைவிடப் பெரிய மனுசனாக நடந்துகொள்ளும் அந்தப் பையன்தான், எங்கள் கணிப்பில், படத்திலேயே தெளிவாக யோசிக்கிற ஆள்.

தாதா படம், குற்றப் படம் எல்லாம் சென்னைச் சரக்குதானா? நம்ம பக்கத்துக்கு இதில் பங்கே இல்லையா?
— வாசகர், சேலம்

உங்கள் ஊரிலிருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ நின்றது சேலத்தில்தான். முதல் தமிழ் வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) அங்கிருந்து வந்தது. அறுபதுகளில் ‘வல்லவனுக்கு வல்லவன்’ (1965), ‘இரு வல்லவர்கள்’ (1966), ‘வல்லவன் ஒருவன்’ (1966) என்று குற்றப் படங்களை வரிசையாக எடுத்தார்கள். இசையமைப்பாளர் வேதாவின் பாட்டுகளுக்காக இன்றும் நினைவில் இருக்கும் அந்தப் படங்களை இருட்டு, வெளிச்சம், தொப்பி நிழல் ஆகியவற்றுக்காகவும் ஒருமுறை பாருங்கள்.

அதற்குப் பிறகு கொங்கு நாடு திரையில் பச்சை வயலாகவும் கொடிவேரித் தண்ணீராகவும் நின்றுவிட்டது வருத்தம்தான். இந்தப் பக்கத்துக் குற்றம் அரிவாளில் இல்லை, பத்திரத்திலும் கணக்கு நோட்டிலும் இருக்கிறது. ஈமு கோழி மோசடியை ‘சதுரங்க வேட்டை’ (2014) தொட்டுக் காட்டியது. நூல் வியாபாரத்தையும் சீட்டுக் கம்பெனியையும் வைத்து நல்ல குற்றப் படம் எடுக்க இன்னும் இடம் இருக்கிறது.

இதைப் பார்த்து முடிச்சாச்சுங்க. அடுத்தது ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.
— வாசகர், பொள்ளாச்சி

மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013). அதிலும் பாட்டு இல்லை. ‘ஆரண்ய காண்டம்’ ஒரு பகல் என்றால் இது ஓர் இரவு. இளையராஜாவின் பெயரைப் பின்னணி இசை என்று போடாமல் ‘முன்னணி இசை’ என்று போட்டிருப்பார்கள். பெரும்பகுதி தெருவிளக்கு வெளிச்சத்தில் நகரும் படம், அதனால் காங்கயம் வாசகருக்குச் சொன்ன டி.வி. அமைப்புகளை மாற்றிவிட்டே தொடங்குங்கள்.